தொய்வு

பத்துக்குப் பத்து என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.
சூளைமேடு, இரண்டாம் மாடி.
எடிசன் டேப் வைத்து அளந்தபோது
ஒன்பதே கால் வந்தது.
கட்டில் இரண்டு, ஆள் மூன்று.
கடைசியில் வந்தவன் நான் என்பதால்
வாடகையில் எழுநூறு எனக்குக் குறைவு.
அந்த எழுநூறுக்கு
இரண்டு கட்டிலுக்கும் நடுவிலிருந்த தரை
என்னுடையது.

கோமதிநாயகம் இரவில் மூன்று தடவை எழுவான்.
மூன்று தடவையும் மிதித்துவிட்டு
"சாரிடே" என்பான்.
எங்கோ கேள்விப்பட்ட ஊர்ப்பெயர்போல
அது என் கனவுகளில் வந்து நிற்கும்.

சித்திரை வெயிலில் ஒரு நாள்
காசிமேட்டிலிருந்து வலையொன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தான் எடிசன்.
நீல நைலான்.
மூன்று முறை அலசியும் மீன்வாடை விடவில்லை.
துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்குச் சங்கிலி மாட்டுகிறவன்,
அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

கூரையில் ஒரு கொக்கி ஏற்கெனவே இருந்தது,
வெள்ளையடித்து வெள்ளையடித்துத் தடித்துப்போய்.
எங்களுக்கு முன்னால்
இங்கே ஒரு குழந்தை தூங்கியிருக்கிறது.
நாலு கிலோ இருந்திருக்குமா, ஆறு?
நான் அறுபத்தெட்டு.
எடிசன் இரு கையாலும் பற்றி, காலை மடக்கித் தொங்கினான்.
கொக்கி ஒன்றும் சொல்லவில்லை.

மறுமுனைக்குச் சுவரைத் துளைக்க வேண்டும்.
ஆணி ஒன்றுக்கு இருநூறு என்று
அட்வான்ஸில் பிடிப்பவர் வீட்டுக்காரர் தேசிங்கு.
கிருத்திகைக்கு அவர் திருத்தணி போன நாளாகப் பார்த்து
ட்ரில்லை எடுத்தோம்.
செங்கல் தூள் கட்டிலெல்லாம் சிவப்பு.
அடுத்த அறை ஜரினா அக்கா வந்து எட்டிப்பார்த்தார்:
"டிவி மாட்டுறீங்களாப்பா?"
"ஆமாக்கா."
"எத்தனை இஞ்ச்?"
என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு
"அஞ்சரை அடி" என்றான் கோமதி.

கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டப் போனேன்.
"விடு மக்கா, விடு.
இறுக்குனா ஒன்னத் தாங்காது, செவரத்தான் இழுக்கும்.
தொஞ்சு கெடக்கணும்."
கையளவு விட்டான். இன்னும் கையளவு விட்டான்.
பெரிய நீலச் சிரிப்புபோல
அறையின் நடுவே வளைந்தது வலை.

முதல் இரவு
கோமதியின் கட்டில் சட்டத்தில் கால் வைத்து ஏறும்போது
பீரோவின் தலை தெரிந்தது.
ஒரு ரேஷன் கார்டு உறை,
சுண்ணாம்பு படிந்த இறகுப்பந்து.
இத்தனை மாதம் ஒரே அறையில்தான் இருந்திருக்கிறோம்.

நெஞ்சுக்கு நேரே ஃபேன்.
எனக்கு இரண்டு போதும், கோமதிக்கு ஐந்து வேண்டும்.
மூன்றில் சமாதானம்.
மூன்றில் எல்லோருக்கும் வேர்த்தது.
நுங்கம்பாக்கத்தில் கடைசி வண்டி கடக்கையில்
கொக்கி ஒருமுறை முனகியது.
பிறகு கோமதி எழுந்தான்,
குனிந்து என் முதுகுக்குக் கீழே நடந்துபோனான்,
யாரிடமும் சாரி சொல்லாமல்.

எட்டு நாள்.
விடிந்ததும் வலையைச் சுருட்டி
போல்ட்டின் மேல் காலண்டரை மாட்டுவோம்.
காலண்டருக்குக் கீழே
தரை சும்மா கிடந்தது.
சும்மா கிடக்கிறதே என்று முதலில் நினைத்தது யார்?
நானாகக்கூட இருக்கலாம்.

ஒன்பதாம் நாள்
கோமதியின் சித்தி மகன் இசக்கிராஜ் வந்தான்,
ஒரு பாய், ஒரு பக்கெட்,
முதுகில் சாப்பாடு கொண்டுபோகும் சிவப்புப் பெட்டி.
வாடகை நான்காக உடைந்தது.
எழுநூறு சலுகை அவனுக்குப் போனது.
"அந்தரத்துல கெடக்கவனுக்குத் தரவெல கெடையாது"
என்று கணக்கை முடித்தான் எடிசன்.

பெட்டியை வைக்க இடமில்லாமல்
இறகுப்பந்துக்குப் பக்கத்தில் ஏற்றினோம்.

அன்று இரவு இரண்டு மணி இருக்கும்.
இருட்டுக்குள் "சாரிடே."
என்னிடமில்லை.
பழக்கத்தில் என் கால் தானாகச் சுருங்கியது,
வலை ஆடியது,
கொக்கி முனகியது.

"அண்ணே," எனக்கு நேர் கீழிருந்து ஒரு குரல்,
"அது அறுந்துராதுல்லா?"

"தொய்வாத்தான் கட்டியிருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு
பாயைச் சுவரோரமாக இழுக்கிறான்.
இழுத்துப் பார்க்கிறான்.
கட்டில் கால் இடிக்கிறது.